அக்காவின் ஹாஸ்டலில் நான் கை நனைத்தது

ஓர் இடத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எங்கள் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அது மாப்பிள்ளை வீடு பார்க்கிற வழி. திண்டுக்கல்லை அடுத்த எங்கள் ஊர் அகரத்தில், சொந்தத்தில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர் போய்ப் பேசி முடித்தவை. கறவை மாடு வாங்கப் போனாலும் அவருக்கு அதே முறைதான். ஒற்றைப்படையில் ஆள் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முடிவாகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. கை நனைப்பதென்றால் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்கப் போவது சோறு போட்டவர்களை அவமதிப்பது.

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. சித்தப்பாவுக்கு வடமதுரையில் பெண் பார்க்கப் போனபோது, பேச்சு முடிவதற்குள் தாத்தா கறிக்குழம்பு வாசத்துக்கு மயங்கிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டாராம். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே தேதி குறித்தாராம். சித்தி தங்கமான மனுஷி, அது வேறு விஷயம். இந்தக் கதையைத் தாத்தா மாதிரியும் பெரியப்பா மாதிரியும் நடித்துக் காட்டி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பது அக்காதான்.

அக்காவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அங்கே இரண்டு ஹாஸ்டல்கள். சேருகிற அன்றே எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், சொன்னால் படிப்பு முடிகிறவரை அதுதான் என்றார்கள். பெரியப்பாவுக்கு இது பழகிய வேலை. அவர், அப்பா, அம்மா, அக்கா என்று எண்ணிப் பார்த்தால் நாலு பேர் வந்தது. இரட்டைப்படையில் புறப்பட முடியுமா? மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவைப் பிரியப் போகிற துக்கம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. கார் ஜன்னலோரம் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

உண்மையில் பெரியப்பா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். கோயிலை ஒட்டியிருந்த பழைய ஹாஸ்டல்தான் அவர் மனதில் இருந்தது. இருட்டுவதற்கு முன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அங்கே வார்டன் பாலசமுத்திரத்து அம்மா ஒருவர், பெரியப்பாவின் சிநேகிதருக்குத் தெரிந்தவர். அக்கா நின்றாலும் நடந்தாலும் செய்தி வீடு வந்து சேரும். அந்த அம்மாவிடம் கொடுப்பதற்காகவே வெற்றிலை பாக்கு, பழம், எங்கள் தோட்டத்து மல்லிகை எல்லாம் ஒரு தட்டில் தயாராக இருந்தன. நூலகத்துக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு ஹாஸ்டலை முதலில் பார்ப்பது முறைக்காக மட்டும்தான். ஒரே இடத்தைப் பார்த்து முடித்தார் என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

அக்காவுக்கு எது பிடித்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளாக அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நூலகத்துப் பக்கம் இருக்குற ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒக்காந்து படிக்கலாமாம்மா."

"அதெல்லாம் பெரியப்பா பாத்துக்குவாரு" என்று அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஹாஸ்டலுக்கும் அது செல்லும் போலிருந்தது.

நூலகத்து ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். பெரியப்பா வாசல் காவலாளியைத் தனியே அழைத்துப்போய், இங்கே இருக்கிற பிள்ளைகள் குணம் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார். பெரியப்பாவைப் போலீஸ்காரர் என்று நினைத்துக் காவலாளி பயந்துவிட்டதாக அப்பா பிற்பாடு சொன்னார். அம்மா குழாயடிக்குப் போய், முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சோப்புத் துண்டை எடுத்து நுரை வருகிறதா என்று தேய்த்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது அம்மாவின் கட்சி. ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்பினாள். ஒரு சொட்டுக்கூட விழுங்கவில்லை. கடந்துபோன மாணவிகள் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு அப்போதே கூச்சமாக இருந்தது.

இந்த ஹாஸ்டலின் வார்டன் அம்மா சிரித்த முகமாக வந்தார். "வாங்க, வாங்க. சாப்புட்டுப் போட்டு அப்புறமா ரூமெல்லாம் பாக்கலாமுங்க."

பெரியப்பா கை கூப்பினார். "இருக்கட்டும்மா. முடிவாகாம நாங்க கை நனைக்கிறதில்ல."

"ஏனுங்க, இது ஹாஸ்டலுங்க!" என்றார் அந்த அம்மா. பெரியப்பா அசையவில்லை.

எனக்குப் பசி. காலையில் ஒட்டன்சத்திரத்தில் தின்ற இட்லி எப்போதோ கரைந்துவிட்டது. பாத்ரூம் போக வேண்டும் என்றதும் அக்கா என்னை அழைத்துப்போனாள். திரும்பி வரும் வழியில்தான் சாப்பாட்டுக் கூடம். வாசலில் அக்கா நின்றாள்.

"பசிக்குதா பாப்பா?"

"ஆமாக்கா."

"அந்தா, அந்த வரிசையில போயி நில்லு, போடுவாங்க. ஒக்காந்து நல்லாச் சாப்புடு. நான் செத்த நேரத்துல வாரேன்." அவளே என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள்.

பள்ளம் பள்ளமான எவர்சில்வர் தட்டில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம். பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி தன் அப்பளத்தையும் எனக்கே கொடுத்தாள். நான் தலை நிமிரவில்லை. பாயசம் தீர்ந்ததும் எழுந்து போய் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி வந்தேன். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது.

"அடிப் பாவி!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். விரல்களிலிருந்து பாயசமும் சாம்பாரும் என் புதுப் பாவாடையில் சொட்டின. "காலையில இட்லி திங்காமயா வந்த? இம்புட்டுப் பேரு முன்னாடி மானத்த வாங்கவா ஒன்னயக் கூட்டியாந்தேன்?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. வாசலில் பெரியப்பா துண்டால் முகத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். அக்காதான் போகச் சொன்னாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். உட்காரச் சொன்னது வேண்டுமானால் அக்காவாக இருக்கலாம். இரண்டாவது கரண்டிக்கு எழுந்து போனது நான்தானே? அதை நினைத்ததும் எல்லாமே என் தீனிப்புத்தியால் வந்ததாகத் தோன்றிவிட்டது.

வராந்தா பெஞ்சில் பஞ்சாயத்து நடந்தது. அண்ணன் முன்னால் அதிகம் பேசாத அப்பா, அன்று எனக்காகப் பேசினார்.

"சின்னப் பிள்ளதானண்ணே. அது கை நனைச்சதெல்லாம் கணக்குல சேருமா?"

"சேராதுன்னா எதுக்குடா கூட்டியாந்தோம்? ஒத்தப்படைக்கு அவளயும் சேத்துத்தானே எண்ணுனோம்?"

பெரியப்பா கொஞ்ச நேரம் வெளியே தெரிந்த கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காருக்குப் போய், பாலசமுத்திரத்து அம்மாவுக்கு என்று வைத்திருந்த தட்டை எடுத்து வந்தார்.

"எங்க பிள்ள ஒங்க எடத்துல கை நனைச்சிருச்சும்மா. இனி வேற பேச்சு இல்ல. எங்க பெரிய பொண்ண ஒங்ககிட்ட விடுறோம்."

வார்டன் அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியப்பா துக்க வீட்டில் சாப்பிடுகிறவர் போல ஆரம்பித்து, கடைசியில் ரசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். நான் மட்டும் ஓரமாக நின்றேன். கையில் சாம்பார் காய்ந்து இறுகியது. கழுவ வேண்டும் என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. விரல்களை மூடிப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஊருக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. சோற்றுக்கு அக்காவை விட்டுக்கொடுத்தவள் என்று பெயர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருவர், "பாத்து ஒக்காரு, அப்பறம் இங்கயே விட்டுட்டுப் போயிருவாக" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். வெளி வீடுகளில் தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் வந்து, வெகுநாள் கூடவே இருந்தது.

நானும் வளர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தில் சேரப் போனேன். பெரியப்பா கோலூன்றிக்கொண்டு புறப்பட்டார். ஆள் கணக்கு இடித்தது. வேலையிலிருந்த அக்கா தானும் வருகிறேன் என்று லீவு போட்டுவிட்டு வந்தாள். ஹாஸ்டல் வாசலில் காரை விட்டு இறங்கும்போது என் காதோடு சொன்னாள்.

"எந்த ஹாஸ்டல் வேணும்னு மட்டும் சொல்லுடி. எனக்கு நல்ல பசி."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நான் கை நனைத்த அந்த நாள் மாலை, அக்காவை விட்டுவிட்டு நாங்கள் காரில் ஏறியபோது, அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். அம்மாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் துப்பட்டாவின் நுனியை நனைத்தாள். மூடியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகக்கண்வரைக்கும் துடைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்குக்கூட என்னால் தலைகுனிவாகிவிட்டது என்றுதான், கார் திண்டுக்கல் வந்து சேரும்வரை நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.