மூன்று மேப்பிளும் ஓர் உறைபனி வாரமும்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வாரம் நடந்த குளறுபடியில் பாதிக்கு என் வாய்தான் காரணம்.

எங்கள் வீடு காந்தலில். அப்பா ஊட்டி மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார், ஏனென்றால் எங்கள் தெருவில் எனக்கு ‘மரத்துல பால் கறக்கற புள்ள’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஓடும்போதுகூட எதிர்வீட்டு அத்தை விடமாட்டார்.

“ஏங்கண்ணு, இன்னைக்கு எத்தன லிட்டரு கறந்துச்சு?”

விஷயம் இதுதான். குளிர் நாடுகளில் மேப்பிள் மரத்தில் துளை போட்டு, சொட்டுகிற சாற்றைப் பிடித்துக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். நாம் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போலத்தான். ஆனால் மேப்பிள் சாறு நினைத்த நேரத்தில் வராது. இரவில் மரம் உறைய வேண்டும், பகலில் வெயில் பட்டு அது உருக வேண்டும். உறையும்போது கிளைகள் கீழிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளை வழியாகச் சாறு வெளியே வரும். ஜனவரியில் எங்கள் மலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிறது, பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வெயில் அடிக்கிறது. அப்புறம் இங்கே மட்டும் ஏன் வராது? இந்தக் கேள்வி தலைக்குள் புகுந்த நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

மரம் தேடி அலைந்தேன். ஊட்டிக்கு வெளியே, ஒரு தேயிலை எஸ்டேட்டின் பள்ளத்தில், பழைய பங்களா ஒன்றின் பின்னால் மூன்று மேப்பிள்கள் கிடைத்தன. யார் எப்போது நட்டார்களோ தெரியாது. பேர்போன சர்க்கரை மேப்பிள் இல்லை, அதன் பங்காளி வகை ஒன்று. மேலே கரண்டுக் கம்பி போவதால் வெட்டி வெட்டி விட்டு, அடிமரம் பருத்து, கிளைகள் தாழப் படர்ந்து குட்டையாக நின்றன. இரண்டு பெரியது, ஒன்று சின்னது. முதல்முறை பார்த்தபோது கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதும்விட்டேன்.

பங்களாத் தோட்டத்தை ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோரோடு சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். பாதி ஆயுள் கொழுந்து பறித்துவிட்டு, முட்டிவலி வந்த பிறகு பங்களா வேலைக்கு மாறியவர். நான் துளை போட்ட அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். அப்பா கடையிலிருந்து கொண்டுபோன டிரில் மரத்துக்குள் இறங்கியபோது அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் கண்டுகொள்ளாமல், துளையில் சின்னக் குழாயைச் செருகி அதன் அடியில் பாட்டிலைக் கட்டினேன்.

“ஏன் மிஸ், அதுக்கு வலிக்காதா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. நீங்க பாட்டிலத் தொடாம இருந்தாப் போதும்.”

சொன்னதோடு விட்டேனா? ஒவ்வொரு பாட்டிலுக்கு மேலேயும் ‘தொடாதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி அட்டை வேறு மாட்டினேன். பெரிய விஞ்ஞானி! அடிமரத்தில் ஆளுக்கொரு தெர்மாமீட்டரும் தொங்கவிட்டேன், இரவில் குளிர் எவ்வளவு தூரம் இறங்கியது என்று காலையில் காட்டுகிற வகை.

அடுத்த நாள் ஒன்பதரை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். பாட்டில்கள் காலி. அதற்கடுத்த நாளும் காலி. ஒரு வாரம் போயிற்று, சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைவிட எரிச்சல் அந்தத் தெர்மாமீட்டர்கள்தான். காந்தலில் அப்பாவின் ஸ்கூட்டர் சீட்டில் பனி உறைந்து, அதைச் சுரண்டிவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. குளிர்காற்று இறங்கித் தங்குகிற பள்ளத்தில் நிற்கும் மரங்களுக்கு இன்னும் அதிகம் குளிர வேண்டும். ஆனால் மூன்று தெர்மாமீட்டரும் ஒரே மாதிரி, நான்கு டிகிரிக்குக் கீழே போகவே இல்லை என்றன. மாற்றினேன். புதிதும் அதையே சொன்னது. அதையும் மாற்றினேன்.

“கடையில இருக்கறதப் பூரா நீயே கொண்டுபோயிட்டா யாவாரம் பண்ண வேண்டாமா கண்ணு?” என்றார் அப்பா. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

மரங்களைச் சுற்றிக் கொஞ்சம் சாம்பல் கிடந்ததை நான் கவனிக்காமல் இல்லை. யாரோ சருகு எரித்திருப்பார்கள் என்று தாண்டிப் போனேன். என் மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை என் வழிகாட்டிப் பேராசிரியை போன் செய்தார். மேடம் அதட்டிப் பேச மாட்டார், அதுதான் பயம்.

“இங்க பாரும்மா, தெர்மாமீட்டர் பொய் சொல்லாது. நீ எடுத்த இடம் சரியில்ல. சனிக்கிழமை வரைக்கும் பாரு. வரலேன்னா தலைப்ப மாத்திடுவோம். தேயிலைக் கழிவுல பண்ணு, மெட்டீரியல் கைவசம் இருக்கு.”

தேயிலைக் கழிவு! எங்கள் துறையில் பாதிப்பேர் அதைத்தான் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடம் நான் தெருவில் கேலி வாங்கியதும், காடு மேடெல்லாம் அலைந்ததும் இதற்காகவா? அன்று ராத்திரி அம்மா சுட்டுப் போட்ட தோசையில் ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை.

வியாழக்கிழமை ஒரு வெறியில் அப்பாவை விடியும் முன்பே எழுப்பினேன். குளிரை என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. அவர் மங்கி குல்லாவும் மப்ளருமாக ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பங்களா கேட்டில் இறக்கிவிட்டார். வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டி வைத்தது போல் உறைபனி, நடந்தால் நறநறவென்றது. மனசு குதித்தது. பின்பக்கம் ஓடினேன்.

என் மூன்று மரங்களும் போர்த்திக்கொண்டு நின்றன.

கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுவார்களே, அந்தக் கெட்டிப் படங்குகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மரத்தின் தலையிலிருந்து அடிவரை மூடியிருந்தது. இடுக்குகளில் மிலார்க் கொத்துகள். பனிக்காலத்தில் பூச்செடிகளை மூட இங்கே எல்லோரும் வெட்டிக் கட்டுகிற புதர்க்குச்சி அது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் இரும்புச் சட்டி, அதில் கங்கு புகைந்துகொண்டிருந்தது. அக்கா ஏணிமேல் நின்று முதல் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா பண்றீங்க!” என்று நான் கத்தியதில் ஏணியே ஆடியது.

“வெயில் வரப்போவுதுல்ல மிஸ், மேலருந்து ஒண்ணொண்ணா அவுக்குறேன். அடிமரத்த வெயில் பட்டப்புறந்தான்.”

“யாரு மூடச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? பனி விழுற காலத்துல எல்லாத்தையும்தான் மூடுவோம். பச்ச மரத்துல ஓட்ட போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. அதுக்குக் குளிராதா?”

“தொடாதீங்கன்னு எழுதி வெச்சிருக்கேன்ல!”

“பாட்டிலத் தொடலியே. மரத்தத்தான் மூடுனேன்.”

அதற்கு மேல் நான் என்னென்னவோ கத்தினேன். என் படிப்பே போச்சு என்றேன், இத்தனை நாள் என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்றேன். அக்கா ஏணியிலிருந்து மெல்ல இறங்கி, படங்கை மடித்து வைத்தார். அவர் உள்ளங்கை இரண்டிலும் கங்குச் சட்டி சுட்ட காயம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஏணியில் ஏறி மூடிவிட்டு, விடிவதற்கு முன் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து நடந்து வந்து அவிழ்த்திருக்கிறார், அந்த முட்டிவலியோடு. நான் ஒன்பதரைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் மடித்து உள்ளே போயிருக்கும். கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. “மன்னிச்சிடுங்கக்கா” என்றேன்.

அவர் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். படியில் உட்கார்ந்து, குளிர்ந்தால்தான் சாறு வரும் என்பதை விளக்கினேன். என் நோட்டைப் பிரித்துக் காட்டினேன்: மூன்று மரத்துக்கும் மூன்று கட்டங்கள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெருக்கல் குறி.

“இது நம்ம செக்ரோல் மாதிரியில்ல இருக்கு,” என்று எட்டிப் பார்த்தார். எஸ்டேட்டில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிற வருகைப் பதிவு அது; லேட்டாக வந்தால் அரை நாள் கூலிக்கு அரைப் பேர்தான். “ஒரு நாளுகூட மூணுக்கும் பேர் போடலியா? ஐயோ பாவமே. நாந்தான் வேலைக்கு விடாம வச்சிருந்தேனா?”

அன்று இரவு மரங்களைத் திறந்து விடச் சம்மதித்தார். ஆனால் முழுதாக இல்லை.

“பெருசு ரெண்டையும் விட்டுர்றேன். சின்னத விடமாட்டேன் மிஸ், அது தாங்காது.”

கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. காலையில் கத்தியதற்குப் பிறகு மறுபடி வாயைத் திறக்க எனக்கும் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் நாங்கள் இருவரும் மரத்தடியில் நின்றோம். இரண்டு பெரிய மரங்களின் கிளைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பனி. தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு காட்டியது. அதைப் பார்த்து நான் குதித்ததில் காலில் செருப்பு கழன்றுகொண்டது. வெயில் சரிவில் இறங்கி, தேயிலையைத் தாண்டி, மரத்தைத் தொட எட்டரை ஆயிற்று. ஒன்பது. ஒன்றும் இல்லை. ஒன்பதே கால். ஒன்றும் இல்லை.

“மிஸ்,” என்றார் அக்கா.

குழாயின் நுனியில் ஒரு துளி. அது பெருத்தது, தொங்கியது, டொக்கென்று பாட்டிலில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. பக்கத்து மரத்திலும்! நான் போட்ட கூச்சலில் பங்களாச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன், “முட்டி, முட்டி” என்று கத்தினார். ஆளுக்கு ஒரு துளி விரலில் வாங்கி நக்கிப் பார்த்தோம்.

“சீனி போட்ட டம்ளரக் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு,” என்றார் அக்கா. சரியாகச் சொன்னார். ஆனால் அந்தத் தண்ணீருக்காக நான் மூன்று வருடம் தவித்திருந்தேன். என் வாயில் அது அமிர்தம்.

மேடத்துக்கு வீடியோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. அவர் குரலிலும் படபடப்பு.

“சின்ன மரம்?”

“மூடியிருந்துச்சு மேடம். சொட்டுக்கூட வரல.”

“மூடினதால வரலயா, இல்ல அந்த மரமே அப்படித்தானா? எப்படிச் சொல்லுவ? அதைத் திறந்து, மத்த ரெண்டையும் மூடிப் பாரு. அப்பவும் அது சும்மா நின்னா உன் கணக்கு நிக்காது. நாளைக்குச் சனிக்கிழமை.”

சந்தோஷமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. அவர் கேட்டது நியாயம். ஆனால் சின்னதைத் திறக்க அக்காவிடம் எப்படிக் கேட்பது? பகல் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அக்கா, ஒரே ஒரு ராத்திரி. அக்கா, உங்க கால்ல விழுறேன்.

சாயங்காலம் படங்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்தார். நேராகப் பெரிய மரத்தில் ஏணியைச் சாத்தினார்.

“என்னக்கா, இதையா மூடப்போறீங்க?”

“பின்ன? இதுங்க ரெண்டும் இன்னைக்கு வேலை பாத்துச்சில்ல. நாளைக்கு லீவு குடுக்க வேணாமா?” ஏணியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “சின்னது நேத்து பூரா போத்திக்கிட்டுத் தூங்கிச்சு. நாளைக்கு அது மலைக்கு வேலைக்குப் போவட்டும். எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்.”

மேடம் போனில் சொன்னதை அக்கா கேட்டிருக்க வழியே இல்லை. படங்கின் மறுமுனையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து பெரிய மரங்களை மூடினோம். கங்குச் சட்டிகளை இந்தமுறை நான் தூக்கி வைத்தேன், நன்றாகவே சுட்டது.

சனிக்கிழமை காலை வெயிலுக்கு முன்னால் மேகம் வந்து நின்றுகொண்டது. எட்டரை தாண்டி, ஒன்பதரை தாண்டி, பத்தும் ஆயிற்று. படங்கு அவிழ்த்த பெரிய மரங்கள் உலர்ந்து நின்றன. சின்னதும் உலர்ந்துதான் நின்றது. நான் நகத்தைக் கடித்தே தின்றுவிட்டேன். அக்கா அதன் அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பாத பிள்ளையை அதட்டுவது போல, “ம், எந்திரி, எந்திரி” என்றார். பத்தேகாலுக்கு மேகம் விலகியது. பத்தரைக்குக் குழாய் நுனி பளபளத்தது.

டொக்.

நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன், பனி உருகிய ஈரத்தில். வீடியோ எடுத்து அனுப்பினேன். மேடத்திடமிருந்து இரண்டே வார்த்தை வந்தது: ‘தலைப்பு மாறாது.’

நிமிர்ந்து பார்த்தால் அக்கா என் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பேனாவையும் எடுத்து வைத்திருக்கிறார்.

“சின்னதுக்கும் பேர் போடுங்க மிஸ்.”

“லேட்டாத்தானேக்கா வந்துச்சு, அரைப் பேர் போடட்டுமா?”

“அதெப்படி? முழுப் பேர் போடுங்க.”

முழுப் பேரே போட்டேன்.