பொங்கலுக்கு வெள்ளையடித்த திரை

காலை ஐந்தே முக்காலுக்கு மும்பை தாதரில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஓர் இரவும் ஒரு பகலும் மறுபடி ஓர் இரவும் உட்கார்ந்து வந்ததில் கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. டாக்சிக்காரர் மாட்டுங்காவுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் விட்டார். அங்கே காப்பி நன்றாக இருக்கும், நிதானமாகக் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு பாலக்காட்டுப் பெரியவர் ஒரே பத்திரிகையை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

நான் தியேட்டர்களுக்கு ஒலி சரிசெய்பவன். அரங்கில் மைக்கை நிறுத்தி, அடைமழை போன்ற ஓர் இரைச்சலை ஸ்பீக்கர் வழியே விட்டு, அது எப்படிக் கேட்கிறது என்று கணினியில் கோடாகப் பார்த்து, கூடியதைக் குறைத்துக் குறைந்ததைக் கூட்டுவேன். அலைச்சல் பழகிவிட்டது. காத்திருப்பதுதான் இன்னும் பழகவில்லை.

எட்டு மணி. லேபர் கேம்ப் குடியிருப்பைத் தாண்டி, தாராவி பக்கம் திரும்பும் சாலையில் அந்த ஒற்றைத்திரை அரங்கு. மேனேஜர் சுடலைமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

"சத்தம் நல்லாத்தான் வருது அண்ணாச்சி. வார்த்தைதான் வெளங்க மாட்டேங்கு" என்றார். "ஒரு ஜோக்குக்கு ரெண்டு தடவ சிரிப்பு வருது. காது கூர்மையா உள்ளவன் மொதல்ல சிரிப்பான். பக்கத்துல உள்ளவன் 'என்னவாம், என்னவாம்'னு கேட்டுட்டுப் பெறவு சிரிப்பான். தியேட்டர் ஓனர் சேட்டு அதைக் கவனிச்சிட்டாரு. இன்னைக்கு மூணு மணி ஷோவுக்கு அவரே வந்து உக்காருதாரு. இன்னைக்கும் இப்படியே இருந்தா அடுத்த வாரத்துலருந்து தமிழ்ப் படம் பந்த், போடவே மாட்டாரு."

"வசனத்தைக் கீழே எழுத்தில் போடலாமே?"

"எங்க பிள்ளைகள்ல பாதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காதுல விழுதே, அம்புட்டுதான் அதுகளுக்குத் தமிழு."

மைக்கை எடுத்து நிறுத்தினேன்.

பத்து மணிக்குள் கோளாறு தெரிந்தது, காரணம் தெரியவில்லை. வசனம் வருவது திரைக்குப் பின்னால் நிற்கும் நடு ஸ்பீக்கரிலிருந்து. அதன் கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், பிறகு சறுக்குமரம் போல விழுந்தது. ச, த, ப என்று வார்த்தையை வார்த்தையாக்கும் சத்தமெல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கருவியில் அந்தச் சரிவை ஏற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் கரகரத்தது. இறக்கினேன். வயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். அரங்கின் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சுடலைமுத்து என் பின்னாலேயே நடந்தது எரிச்சலை இன்னும் கூட்டியது.

கடைசியில் மைக்கைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். அங்கே சத்தம் கணீரென்று இருந்தது. முன்னால் வந்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. திரையைக் கையால் தடவினேன். சினிமாத் திரை முழுக்கப் பொடித்துளைகள் இருக்கும். சத்தம் அவற்றின் வழியேதான் வெளியே வர வேண்டும். இந்தத் திரை பீங்கான் தட்டுப்போல் வழவழவென்று இருந்தது.

"இதுக்கு யாருய்யா பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்" என்றார், பெருமையாக. "பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்லா? மூணு பொங்கலா என் கையாலயே அடிக்கேன். நல்ல பெயிண்டு. படம் என்ன பளிச்சுனு இருக்கு, பாத்தீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் துளையைப் பற்றி மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நானேதான் வாயைப் பொத்திட்டேனா?" என்றார்.

புதுத் திரை வர நாளாகும். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார் என்று காலையில் சொல்லியிருந்தார். குத்தூசி கிடைக்குமா என்று கேட்டேன். போன் போட்டார். அரை மணியில் பேச்சியம்மாள் இன்னும் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஆளுக்கொரு ஊசியுடன்.

ஸ்பீக்கரைப் பின்னுக்குத் தள்ளி இடம் செய்தோம். பின்பக்கமிருந்து பார்த்தால் அடைபட்ட துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஸ்பீக்கரின் வாய்க்கு எதிரே ஒரு கதவு அகலத்துக்கு மட்டும் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர்கள் குத்த ஆரம்பித்தார்கள். பெயிண்ட் தூளாக உதிர்ந்தது. பேச்சும் சிரிப்புமாக அவர்கள் கை ஓடியது. எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுடலைமுத்துவும் ஓர் ஊசியை வாங்கிக்கொண்டு மூலையில் குத்தினார்.

இரண்டு மணிக்கு மறுபடி மழையிரைச்சலை விட்டேன். கோடு எழுந்திருந்தது. முழுக்க இல்லை, ஆனால் மிச்சத்தை ஈக்வலைசர் தாங்கும். இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு எதிரே திரை இன்னும் அடைத்துத்தான் கிடந்தது. வசனம் பிழைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணி. சேட் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றுகொண்டேன். முதல் சிரிப்பு வசனம் வந்தது. அரங்கு மொத்தமும் ஒரே நேரத்தில் சிரித்தது. பின்தங்கி வரும் இரண்டாவது சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

சேட்டுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவர் திரையைப் பார்க்கவேயில்லை, ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சப் ஏக் ஸாத் ஹன்ஸே" என்றார், எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்களே என்று. இடைவேளையில் அடுத்த வாரத் தமிழ்ப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டினேன். வாசலில் சுடலைமுத்து தயங்கினார். "மிச்சப் பெயிண்டு ரெண்டு டப்பா கிடக்கு அண்ணாச்சி. அதை என்ன செய்ய?"

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். "வீட்டுல அடிங்க. மூணு பொங்கலா நம்ம சொவரு அப்படியேதானே கிடக்கு."

தாதரில் வண்டி ஏறிய பிறகும், தன் வீட்டை விட்டுவிட்டுத் திரைக்கு வெள்ளையடித்த அந்த மனிதரே மனத்தில் ஓடினார். எங்கள் ஊரில் எத்தனையோ அரங்குகளுக்கு ஒலி சரிசெய்திருக்கிறேன். எந்தத் திரைக்கும் யாரும் பொங்கலுக்கு வெள்ளையடித்ததில்லை. அங்கெல்லாம் வசனம் நன்றாகவே கேட்கிறது.