மலேசியாவும் அமெரிக்காவும் ஒரு முன்கதவும்

மருதமுனையில் கைத்தறிச் சாரம் வியாபாரம் செய்யும் மீராசாவுக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உலக மரச் சந்தையில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

மகள் ஸம்றாவுக்கு வீடு கட்டப் போய்த்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து குடியேறுவது அந்த வீட்டில்தான். மீராசாவும் தம் வீட்டு வளவுக்குள்ளேயே ஓட்டு வீடு ஒன்றைக் கட்டி, வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டிவிட்டார். முன்கதவு மட்டும் பாக்கி. அதற்கு ஊர் மரம் போதாதாம், வெளிநாட்டு வன்மரம்தான் வேண்டுமாம்.

கல்முனை மரக்காலையில் அந்த மரத்துக்கு விலை கேட்டு மிரண்டுபோய் வந்த அன்று, போனில் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. மலேசியாவும் அமெரிக்காவும் வருடா வருடம் ஏற்றுமதி செய்த வன்மரத்தின் பெறுமதி. பச்சைக் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று. இரண்டும் சேர்ந்து விழுந்தால் கதவு மலிவாகக் கிடைக்கும் என்று மீராசா முடிவு கட்டினார்.

அதிலிருந்து அஸர் தொழுகை முடிந்தால் தேத்தண்ணிக் கடையில் பிரசங்கம். மலேசியாவைச் சொந்த மச்சானைத் திட்டுவது போலத் திட்டுவார். அமெரிக்காவுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தார். தேத்தண்ணி அவர் செலவு என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். கதவு செய்ய அளவெடுத்துப் போன ஓடாவி, கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று பார்த்துக் களைத்துவிட்டார்.

இதற்கிடையில் அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளை பர்ஸானின் உம்மா சொல்லியனுப்பினார்: பெருநாள் முடிந்ததும் நிக்காஹ், வீடு ஆயத்தமில்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். பர்ஸானை மெய்யாகவே பிடித்துப்போயிருந்த ஸம்றா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள்.

“வாப்பா, இது விலை இல்ல. வித்த மரத்திட மொத்தப் பெறுமதி. மரத்தைக் குறைச்சு ஏத்தினாலும் கோடு இறங்கும். விலை கூடிக்கூட இருக்கும்.”

மீராசா யோசித்தார். அப்படியானால் எத்தனை கன மீற்றர் ஏற்றினார்கள் என்பதற்கும் ஒரு வரைபடம் தேட வேண்டும், அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். இத்தனை நாளும் பொறுத்திருந்த மனைவி ஹாஜறாவுக்கு அன்று பொறுமை போய்விட்டது.

அவர் திரும்பி வந்தபோது, மகள் வீட்டு வாசலில் கனத்த முன்கதவு ஒன்றை ஓரம் சீவிப் பொருத்தி, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் ஓடாவி. கோடு இறங்குமுன்னே ஹாஜறா மரம் வாங்கிவிட்டாளே என்று மீராசா கிட்டப் போனால், பழகிய கதவு. திரும்பித் தம் வீட்டைப் பார்த்தார். அங்கிருந்தே விறாந்தை தெரிந்தது, அதற்கப்பால் குசினி தெரிந்தது, குசினியில் ஹாஜறா மீன் கழுவுவதும் தெரிந்தது.

“வீடும் கதவும் என்ட வாப்பா எனக்குத் தந்தது,” என்றாள் அவள், தலை நிமிராமல். “கதவை நான் என்ட மகளுக்குக் குடுத்திட்டன். உங்கட ரெண்டு கோடும் விழுற வரைக்கும் நாம திறந்து கிடப்பம்.”

மீராசாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டில் தாமும் மாப்பிள்ளையாக வந்து குடியேறியவர்தான் என்பதை மலேசியாவும் அமெரிக்காவும் மறக்கடித்திருந்தன.

நிக்காஹ் சொன்ன நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டிப் பார்த்து, அருமையான மரம், எந்த நாட்டிலிருந்து எடுப்பித்தீர்கள் என்று விசாரித்தார்கள்.

“நம்மட இறக்காமத்து முதிரை மரம்,” என்றார் மீராசா. “என்ட மாமா தந்தது.”