ஊசியக்கா ஏசியைக் கழற்றிய கதை

ஊசியக்கா பதினோரு வருடம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்தாள். "முழுச் சட்டைய நான் கடையிலதான் பாத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கை மெதுவாகிவிட்டது என்று ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் பின்னறையைப் பிடித்து, நான்கு மெஷின் போட்டு, அதே தொழிற்சாலையை விட்டு நின்ற மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டாள். நறுக்கென்று பேசுவதால் அவர்கள் வைத்த பெயர்தான் ஊசியக்கா.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஓட்டை போட்டுப் பதித்த பழைய ஏசி ஒன்றுதான் துணை. ஆஸ்பத்திரிக்கு இருநூறு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டிருந்த வாரம் அது மக்கர் செய்தது. ஓடியது, இரைந்தது, காற்று மட்டும் வரவில்லை. வெள்ளைத் துணியில் வியர்வை சொட்டினால் போச்சு. ஒரே காலையில் மூன்று கோட்டு கறையாகிவிட்டது.

மெக்கானிக் வந்தார். வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"மோட்டார் போச்சும்மா. புதுசு வாங்கிடுங்க."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? சத்தத்துலயே தெரியுது."

"சத்தத்த வச்சு ஆளையே எடை போட முடியாது. நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கிறேன்."

முன்மூடியைத் திறந்து வலையை எடுத்தாள். பஞ்சு படிந்திருந்தது. கழுவி, உலர்த்தி மாட்டினாள். பலனில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் குளிர்த் தகடுகளின் மேல் பனி கட்டியிருந்தது. அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பனி கரைந்ததும் தகடுகளைப் பழைய பல்துலக்கியால் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தாள். மறுபடி போட்டபோது காற்று கொஞ்சம் கூடியது. ஆனால் மெஷின் வரைக்கும் எட்டவில்லை.

"விட்டுடலாம்க்கா," என்றாள் பட்டன் தைக்கிறவள்.

"தையல் மெஷின் தெணறுனா என்ன பண்ணுவோம்? பாபினுக்கு அடியில பஞ்சு இருக்கான்னு பாப்போம்ல. இதுலயும் காத்தத் தள்ளுற சக்கரம் ஒண்ணு இருக்கும். அதப் பாக்காம விடமாட்டேன்."

வேன் ஓட்டும் கணவரைச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சுவரிலிருந்த இரும்புக் கூட்டிலிருந்து ஏசியை நாலு பேராக இழுத்து வெட்டும் மேசைமேல் வைத்தார்கள்.

"உன்னக் கட்டுனதுக்கு இதையும் தூக்கணுமா?" என்று மூச்சு வாங்கினார் அவர்.

"பேசுற மூச்ச மிச்சம் வைங்க, திருப்பி உள்ள தள்ளணும்."

மின்சாரப் பக்கம் கை வைக்காமல் உறையை மட்டும் கழற்றினாள். உள்ளே உருளை வடிவ விசிறி. அதன் சிறு தகடுகளுக்கு நடுவே இண்டு இடுக்கு இல்லாமல் பஞ்சு அடைத்துக் கம்பளிபோல் இறுகியிருந்தது. பின்னல் ஊசியால் கெல்லி எடுத்தாள். மேலே வெள்ளை, அதற்கடியில் நர்ஸ் உடுப்பின் நீலம், அதற்கும் அடியில் ஓட்டல்காரர்களுக்குத் தைத்த அரக்கு. அவர்கள் தைத்ததெல்லாம் அடுக்கடுக்காக அங்கேதான் கிடந்தது. பெண்கள் மூவரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"நம்ம சரித்திரமே உள்ள இருக்குக்கா!"

"சரித்திரத்தக் குப்பையில போடு. பிரஷ்ஷக் கொண்டா."

இரண்டு மணி நேரம் பிடித்தது. விரல் நுனியெல்லாம் கீறல். திரும்பத் தள்ளிப் பொருத்திச் சுவிட்சைப் போட்டாள். தலைமுடி பறக்கிற அளவுக்குக் காற்று வீசியது. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டுகள் படபடத்தன. கணவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்.

"வேனுக்கு யார் போவா?" என்று அவரை விரட்டினாள்.

கறையான மூன்றையும் மறுபடி வெட்டினார்கள். சொன்ன நாளில் இருநூறு கோட்டும் போய்ச் சேர்ந்தன. பஞ்சு அதிகம் பறக்கும் வெட்டு மேசையை ஏசிக்கு எதிர்மூலைக்கு நகர்த்தினாள். சனிக்கிழமைதோறும் வலை கழுவ முறை வைத்து ஒரு பட்டியலும் ஒட்டினாள். முதல் பெயர் கணவருடையது.