மிதந்த கல், மூழ்கிய மீசை

பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் அனைவருக்கும் மிகுந்த துக்கத்துடன் அறிவிப்பது: சென்ற சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில், என் மீசை காலமானது. வயது மூன்று மாதம்.

காரணம் ஒரு பந்தயம். பக்கத்து வீட்டுச் செல்வத்தின் மாமாவுக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை. தண்ணீரில் மிதக்கும் கல் ஒன்று கொண்டுவந்திருப்பதாக எழுதியிருந்தார். "கப்பல் விடுறவரு கதையும் விடுறாரு. கல்லு மிதந்தா மீசையை எடுத்துடுறேன்," என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். வகுப்பில் மீசை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

காலை ஏழு பத்துக்குக் கோலாலம்பூரில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, இருபத்தேழு மைல். கிள்ளானில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே காப்பி மூன்று காசு. சூடு மட்டும் நிச்சயம். எட்டே முக்காலுக்கு இறங்கியதும் செல்வம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். அவன் அப்பாவின் சவரக்கத்தி.

துறைமுகப் பலகை மேடையில் காத்திருந்த மாமா வாளியில் கடல்நீர் மொண்டு, தேங்காய் அளவு சாம்பல்நிறக் கல்லைப் போட்டார். மிதந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் அமுக்கினேன். வழுக்கித் துள்ளி மேலே வந்தது; பாதி வாளித் தண்ணீர் என் முகத்தில்.

"உள்ள தக்கை வச்சிருக்கீங்களா மாமா?"

"ஒடச்சுப் பாருடா, இன்னொண்ணு இருக்கு."

உடைத்தேன். தக்கை இல்லை. ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"ஜாவா பக்கம் கிரக்கத்தாவ்னு ஒரு எரிமலை, எங்கப்பா காலத்துல வெடிச்சுது," என்றார் மாமா. "சோடா மூடியத் தெறந்தா பொங்குதுல்ல? பாறைக்குழம்புக்குள்ளயும் அப்படிக் காத்து இருக்கு. பொங்கி, நுரை அடங்குறதுக்குள்ள இறுகிருச்சுன்னா இந்தக் கல்லு. ஓட்டையில தண்ணி ஏற ஏற ஒருநாள் இதுவும் முங்கிரும்."

"அந்த மலை?"

"முக்காவாசி கடலுக்குள்ள போயிருச்சு. இப்ப அந்தப் பள்ளத்துல, தண்ணிக்கு அடியில, புதுசா ஒண்ணு வளருது. தலைய நீட்டும், அலை கரைச்சிரும். மறுபடி நீட்டும்."

கிரக்கத்தாவ். கிறக்கம் தரும் பேர்தான். தண்ணீருக்கடியில் நெருப்பு எப்படி அணையாமல் இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் கீழே பார்த்துவிட்டேன். நாங்கள் நின்ற பலகைக்கு அடியிலும் அதே கடல்தானே. காலை அகட்டி நின்றுகொண்டேன்.

போக விரும்புகிறவர்கள் கவனிக்க: கப்பல் வெள்ளிவரை நிற்கும். திரும்பும் ரயில் பதினொன்று இருபதுக்கு. கல்லை அமுக்கிப் பார்க்கலாம், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், செல்வம் கத்தியை விரித்தான், என் முகத்தைப் பார்த்தான், மடித்துவிட்டான்.

"எதைடா எடுக்கிறது?"

வாளித் தண்ணீரே எடுத்துவிட்டிருந்தது. மூன்று மாதமாக அது அக்காவின் கண்மை.