அண்ணத்தட்டும் கொதிதண்ணீரும்

அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற நான், பல்வைத்தியர் என் தம்பிக்குச் செய்து கொடுத்த அண்ணத்தட்டைக் கொதிதண்ணீரில் போட்டு அவித்தவன். சுத்தத்துக்காகத்தான்.

தம்பிக்கு நாற்பது கடந்துவிட்டது. பிறக்கும்போதே மூளைக்குள் ஏதோ பிசகியதில் கை, கால், நாக்கு எதுவும் அவன் சொல் கேட்பதில்லை. தண்ணீர் குடித்தாலே புரைக்கேறும். நாக்கு மேலே எழும்பி அண்ணத்தைத் தொட்டால்தானே விழுங்கலாம்? அதுதான் எழும்பாதே. ஆகவே வைத்தியர் அண்ணத்தைக் கீழே இறக்கினார்: மேல்வாயில் கொளுவுகிற, தடித்த இளஞ்சிவப்புத் தட்டு ஒன்று. அதைக் கழுவும் முறையை எனக்குத்தான் சொன்னார். தம்பி பக்கத்தில் இருந்தான்; அவனுக்குச் சொல்ல வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அவனுக்கு ஒரே ஆசை: எல்லோரோடும் சேர்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும். எங்கள் சேர்ச்சில் திருவிருந்துக்கு எல்லோரும் பீடத்தடியில் வரிசையாக முழங்காலிடுவார்கள். ஒரு அப்பத்துண்டு, பிறகு சின்னக் கிளாசில் திராட்சரசம். ஒருமுறை அவன் இருமி ரசம் தெறித்ததிலிருந்து, ஆராதனை முடிந்து சனம் போனபின் கடைசி வாங்கில் இருத்தி வைத்துக் கொடுப்பார்கள். "அவருக்கு வசதியாயிருக்கும்" என்பார் போதகர். வசதி யாருக்கு என்று சபைக்கே தெரியும். தம்பி தட்டோடு கிழமைக்கணக்காகப் பழகி, தேத்தண்ணீரை இருமாமல் விழுங்கிக் காட்டினான். வரிசைக்கு வரலாம் என்று போதகரும் சம்மதித்தார்.

அந்த ஞாயிறு காலை, கிருமிகளைப் பற்றி நிறைய வாசித்த ஒருவர் அடுப்பை மூட்டினார். தம்பி கதிரையிலிருந்தபடி, "அண்ணை... டொ... டொக்குத்தர்..." என்று தொடங்கினான். அவன் வசனம் முடியுமட்டும் காத்திருக்கும் வழக்கம் எனக்கில்லை.

"ஓம், ஓம், டொக்குத்தரைவிட நான் சுத்தம்" என்றேன்.

தட்டு பொரித்த அப்பளம்போல நெளிந்து வந்தது. அவன் வாயில் வைத்து அழுத்தினேன். ஆடியது.

"வாய்ச்சூட்டிலை சரிவந்திடும்."

பீடத்தடியில் அப்பம் எப்படியோ இறங்கிவிட்டது. ரசம் இறங்கவில்லை. இருமலோடு தட்டும் கழன்று பாய்ந்து, போதகரின் தாம்பாளத்தில் மிச்சமிருந்த அப்பத்துண்டுகளுக்கு நடுவே விழுந்து எச்சிலோடு பளபளத்தது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த, சபையைச் சேர்ந்த ஒரு அம்மா சேலையை உதறிக்கொண்டு எழும்பினா.

"உதுகளை ஏன் இஞ்சை இழுத்துக்கொண்டு வாறியள்? பின்னாலை வைச்சுக் குடுத்தால் உதுக்குத் தெரியவே போகுது?"

போதகர் வெள்ளை அங்கியைத் துடைத்தபடி, "இனி நான் வீட்டை கொண்டுவந்து தாறன், என்ன?" என்றார், என்னிடம். கடைசி வாங்கும் போயிற்று.

ஓட்டோவில் நான் அவமானத்தைத் தாங்குவது பற்றி, வாசித்ததையெல்லாம் கலந்து ஒரு பிரசங்கம் செய்தேன். தம்பி அதைக் கேட்கவில்லை. காலையில் தொடங்கிய வசனத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தான். வீட்டுப் படலையை நான் திறக்கும்போதுதான் முடித்தான்.

"டொக்குத்தர்... பச்சைத்தண்ணியிலை... கழுவச் சொன்னவர். எனக்கு வாய்தான் பழுது. உங்களுக்குக் காதோ, அண்ணை?"