வெற்றிலைத் தட்டை நான் நீட்டவில்லை

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவூர்ப் பக்கம் எங்கள் வயலில் நடவு. வெயில் ஏறிவிட்டதே என்று நடவுப் பெண்களைக் கரையேறிக் கஞ்சி குடிக்கச் சொன்னேன். தன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று என் கணவர் எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். சேற்றுக் காலோடு நடந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களைச் சேர்த்துவைக்க ஆளாளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். மாமியார் அந்தோணியார் கோயிலில் மந்திரித்த எண்ணெய் கொடுத்தனுப்பினார். நெற்றியில் பூசினால் என் கோபம் தணியுமாம். தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். முடிக்கு நல்லதாகத்தான் இருந்தது. கோயில் உபதேசியார் வந்து பொறுமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். இதே பொறுமையை என் கணவரிடமும் போய்ச் சொன்னீர்களா என்று கேட்டேன். ஆம்பிளைக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும் என்றார். எந்த விதம் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அப்பா வீட்டில் கூடினார்கள். பிணங்கிய மனைவி வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும், கணவன் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது. எங்கள் உறவுக்குள் அதுதான் வழக்கம். அடித்தது யார், வாங்கிக்கொண்டது யார் என்ற பேச்சே அதில் கிடையாது. தட்டை என் கையில் திணித்தார்கள். என் கணவர் எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தட்டைத் தரையில் வைத்தேன்.

“அடிச்சது வயல்ல, அத்தனை பேரு பாக்க. இங்கிட்டு கதவச் சாத்திக்கிட்டு சமாதானமா? அங்க வந்து, அதே பொம்பளைக முன்னால, தப்புன்னு சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு வாரேன்.”

அப்பா என்னைத் திட்டித் தீர்த்தார். வாழாவெட்டியாகக் கிடக்கப் போகிறாயா என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கிப் போக மனம் வரவில்லை.

களையெடுப்பு அன்று, வயலுக்கு வரச்சொல்லி என் கணவர் ஆள் அனுப்பினார். போனேன். அதே பெண்கள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் நின்று தொண்டையைச் செருமினார்.

“அன்னைக்கு இவ மேல நான் கை நீட்டுனது தப்பு,” என்றார். என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

அவர் மானம் போய்விட்டதென்று ஊரெல்லாம் பேச்சு. உபதேசியார்கூட வருத்தப்பட்டாராம். நான் அறை வாங்கிய அன்று, யாருடைய மானமும் போனதாக ஒருவரும் பேசவில்லை.